வளைகுடாவிலிருந்து வீட்டுக்குப் பணம்: பாலக்காட்டு எல்லைத் தமிழ்க் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கத்தில் வீட்டில் பேசுவது தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம். சந்தைக்குப் பொள்ளாச்சி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கோயம்புத்தூர், ரேஷன் கார்டு மட்டும் கேரளம். இங்கிருந்து துபாய்க்கும் ரியாத்துக்கும் தோஹாவுக்கும் போனவர்கள் மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள். பணம் வந்தும் விடுகிறது. ஆனால் பல வருஷம் உழைத்துத் திரும்பி வருகிறவர் பேரில் ஒரு டெபாசிட்கூட இருப்பதில்லை. வீட்டில் இருந்த மனைவிதான் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டாள் என்ற பழி மட்டும் இருக்கும். அந்தப் பழி பெரும்பாலும் நியாயமற்றது. தவறு, பணம் வந்து சேரும் வழியை அமைத்த விதத்தில் இருக்கிறது.

அதனால் நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்: பணத்தை இரண்டு வாய்க்காலாகப் பிரித்து அனுப்புங்கள். ஒன்று வீட்டுச் செலவுக்கு, வாங்குகிறவர் பேரில், அவருடைய முழுப் பொறுப்பில். இன்னொன்று சேமிப்புக்கு, உழைக்கிறவர் பேரில். கீழே உள்ள படிகள் எல்லாம் இதைச் செய்து முடிப்பதற்கான வேலைகள்.

முதல் படி: புறப்படும் முன் பெயரைச் சரிசெய்யுங்கள்

எல்லைப் பகுதிக் குடும்பங்களுக்கு மிகுதியாகத் தொல்லை தருவது பெயர். தமிழ் வழக்கப்படி அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடுகிறோம். கேரள ஆவணங்களில் சிலருக்கு வீட்டுப்பெயர் சேர்ந்துகொள்கிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப்பெயராக நிற்கிறது. மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்கு எழுதும்போது ஒரு எழுத்து மாறியிருக்கும். பாஸ்போர்ட், ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மற்ற மூன்றையும் மாற்றிவிடுங்கள். கேரள அரசின் இ-சேவை மையமான அக்ஷயா மையத்தில் ஆதார் திருத்தம் நடக்கும். வங்கிக்கு நேரில் போக வேண்டும். வளைகுடாவிலிருந்து வரும் பணத்தில் பெறுபவர் பெயர் கணக்கில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாவிட்டால், வங்கி அதை நிறுத்திவைக்கவோ திருப்பி அனுப்பவோ செய்யலாம். மனைவியின் கணக்குக்கும் இதே சோதனை வேண்டும். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரோடு திறந்த கணக்கும், பின்னர் கணவன் பெயரோடு எடுத்த ஆதாரும் ஒத்துப்போவதில்லை.

பாஸ்புக்கில் உள்ள, வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணையும் பாருங்கள். அது 11 எழுத்து கொண்டது, ஐந்தாவது இடத்தில் இருப்பது பூஜ்யம். அதை ஆங்கில 'ஓ' என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் 2017 ஏப்ரல் 1-இல் எஸ்.பி.ஐ.யோடு இணைந்தது. சிண்டிகேட் வங்கி 2020-இல் கனரா வங்கியோடு இணைந்தது. அந்தக் காலத்துப் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு எண்ணைக் கொடுக்காதீர்கள், கிளையில் கேட்டுப் புதிய எண்ணை வாங்குங்கள்.

ஆதாரோடும் வங்கியோடும் இணைத்த இந்திய சிம்மை உயிரோடு வைத்திருப்பது இன்னொரு வேலை. ஓ.டி.பி. அதில்தான் வரும். சிம்மை வீட்டில் விட்டுவிட்டு, மனைவி ஓ.டி.பி.யைப் படித்துச் சொல்ல, கணவன் அங்கே அடிக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எவனாவது கூப்பிட்டால், படித்துச் சொல்லிப் பழகிய வாய் அவனுக்கும் சொல்லிவிடும். சிம்மைக் கூடவே எடுத்துப் போங்கள். இல்லையென்றால் வெளிநாட்டு எண்ணை வங்கியில் பதியுங்கள்.

இரண்டாம் படி: சேமிப்புக்கு என்.ஆர்.இ. கணக்கு

வேலைக்காக வெளிநாடு போனவர், அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவர் ஆகிறார். அதன்பின் பழைய சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் தெரிவித்து அதை, வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை. யாரும் கேட்காதவரை ஓடிக்கொண்டிருக்கும், கேட்கும் நாளில் பதில் சொல்ல முடியாது.

புதிதாகத் திறக்க வேண்டியது என்.ஆர்.இ. கணக்கு. வெளிநாட்டில் சம்பாதித்த பணம் இதில்தான் வர வேண்டும். இங்கே உள்ள வாடகை, தேங்காய் விற்ற காசு போன்றவற்றை இதில் போட முடியாது, அவை என்.ஆர்.ஓ.வுக்கு. இந்தப் பிரிவால் கிடைக்கும் நன்மை பெரிது. என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. தேவைப்பட்டால் அசலையும் வட்டியையும் முழுமையாக வெளிநாட்டுக்குத் திருப்பி எடுக்கலாம். என்.ஆர்.ஓ. வட்டியிலோ 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

"அவசரத்துக்கு வீட்டில் எடுக்க முடியாதே" என்பார்கள். முடியும். மனைவி, பெற்றோர் போன்ற நெருங்கிய உறவினரை இரண்டாம் பெயராகச் சேர்க்கலாம். ஆனால் முதல் பெயர்க்காரர் உயிரோடு இருக்கும்வரை அவர்தான் உரிமையாளர். அவர் அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிக் கொடுத்தால், வீட்டில் உள்ளவர் உள்ளூர்ச் செலவுக்கு எடுக்கலாம், ஆனால் பிறருக்கு நன்கொடையாக மாற்றித் தர முடியாது. ஊருக்கு வந்திருக்கும்போதே வங்கிக்கு இருவரும் போய் இந்தக் கையெழுத்துகளை முடித்துவிடுங்கள். பிறகு செய்தால் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும். படிவம் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருந்தால், வாசித்து விளக்கும்படி கேளுங்கள். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாரிசு நியமனப் பத்தியைக் காலியாக விடவே கூடாது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர்வரை நியமிக்கலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. மனைவிக்கும் வயதான அம்மாவுக்கும் பங்கு பிரித்து எழுத விரும்புகிறவருக்கு இது வசதி.

மூன்றாம் படி: வீட்டுக் கணக்கு, வீட்டுக்காரர் கையில்

செலவுப் பணம் மனைவியின் தனிக் கணக்குக்குப் போகட்டும். மாமனார் கணக்குக்கோ அண்ணன் கணக்குக்கோ வந்து, அங்கிருந்து கேட்டு வாங்கும் ஏற்பாடு வேண்டாம். எவ்வளவு என்பதை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்: அரிசி, பால், பள்ளி வேன், மருந்து, மின்கட்டணம், விசேஷங்களுக்கு மொய். மொய்யை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் அந்தக் கணக்கு ஆவணி மாதத்திலேயே உடையும். தீர்மானித்த தொகையை அனுப்பியபின், ஒவ்வொரு ரூபாய்க்கும் போனில் விசாரணை நடத்தாதீர்கள்.

இந்தப் பணத்துக்கு மனைவி வரி கட்ட வேண்டியதில்லை. கணவன் குடும்பத்துக்கு அனுப்புவது வருமானமாகாது. ஆனால் அதே பணத்தை மனைவி பேரில் டெபாசிட் போட்டால், வட்டி சட்டப்படி கணவனின் வருமானத்தோடு சேர்த்துப் பார்க்கப்படும். வரியில்லாத என்.ஆர்.இ. டெபாசிட் இருக்கும்போது சேமிப்பை மனைவியின் சாதாரணக் கணக்கில் குவிப்பது கைக்காசை விடுவதுதான்.

நான்காம் படி: எப்படி அனுப்புவது, எந்த விலைக்கு

சட்டப்படியான வழிகள் மூன்று வகை. பணம் மாற்றி அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் கவுன்டரிலோ அதன் ஆப்பிலோ கட்டினால், இந்திய வங்கிகளோடு அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாட்டின்படி நேரே கணக்கில் ஏறும். வங்கியிலிருந்து வங்கிக்கு ஸ்விஃப்ட் வழியாக அனுப்பலாம். மூன்றாவது, இங்கே கடையில் போய் ரொக்கமாக வாங்கும் முறை. இதற்கு வரம்பு உண்டு: ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஒருவர் ஒரு காலண்டர் வருஷத்தில் 30 தடவை, ரொக்கமாக 50,000 ரூபாய்வரை. நிலம் வாங்கவோ என்.ஆர்.இ. கணக்கில் போடவோ இந்த மூன்றாம் வழியைப் பயன்படுத்த முடியாது. ஆஸ்பத்திரி அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை விஷயத்தில் நிதானம் தேவை. 'கட்டணம் இல்லை' என்ற பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கட்டணம் இல்லாத இடத்தில் மாற்று விலையைக் குறைத்திருப்பார்கள். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் ஒரு திர்ஹமுக்கு 22.80 ரூபாய், கட்டணம் இல்லை. இன்னோரிடத்தில் 22.92 ரூபாய், கட்டணம் 20 திர்ஹம். கையில் 1,000 திர்ஹம் இருந்தால் முதல் இடத்தில் வீட்டுக்கு 22,800 ரூபாய் சேரும், இரண்டாம் இடத்தில் 22,461 ரூபாய்தான். கையில் 5,000 இருந்தால் முதல் இடத்தில் 1,14,000, இரண்டாம் இடத்தில் 1,14,141. சிறு தொகைக்குக் கட்டணம் முக்கியம், பெருந்தொகைக்கு விலை முக்கியம். அதனால் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இவ்வளவு கொடுக்கிறேன், எல்லாம் போக ஊரில் எத்தனை ரூபாய் ஏறும்?" அந்த ஒரு எண்ணைத்தான் இடத்துக்கு இடம் ஒப்பிட வேண்டும். ஸ்விஃப்டில் அனுப்பினால் இடையில் வரும் வங்கி பிடிக்கும் கட்டணத்தையும், இங்கே நாணயம் மாற்றும்போது வரும் சிறு ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துக் கேளுங்கள்.

விலை ஏறட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருக்கலாமா? திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்றும், சவுதி ரியால் 3.75 என்றும், கத்தார் ரியால் 3.64 என்றும் கட்டப்பட்டவை. ஆகவே திர்ஹம் ஏறுகிறது என்றால் டாலருக்கு எதிரே ரூபாய் இறங்குகிறது என்றே பொருள், துபாய்க் கடைக்காரர் கையில் எதுவும் இல்லை. வீட்டுச் செலவுப் பணத்தை வைத்துச் சூதாடாதீர்கள், மாதத்தில் ஒரே தேதியில் அனுப்பிவிடுங்கள். சேமிப்புப் பங்கை வேண்டுமானால் சேர்த்துவைத்து, ஒரே கட்டணத்தில் பெரிய தொகையாக அனுப்பலாம்.

என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளை வெளிநாட்டு மொபைல் எண்ணோடு யு.பி.ஐ.யில் இணைக்க 2023 ஜனவரியில் வழி பிறந்தது. அமீரகம், சவுதி, ஓமன், கத்தார் நான்கும் முதல் பட்டியலிலேயே இருந்தன. உங்கள் வங்கி அந்த வசதியைத் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக் கட்டணத்தை அங்கிருந்தே கட்டலாம்.

ரசீதை எறியாதீர்கள். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து இருவர் போனிலும் வையுங்கள்.

ஐந்தாம் படி: குழல் பணம் வேண்டாம்

குழல் பணம் என்பது வங்கிக்கு வெளியே, ஆள் மூலம் கைமாறும் ஹவாலா பணம். ஏன் மக்கள் அதற்குப் போகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. விலை கொஞ்சம் கூடக் கிடைக்கும், ஆள் வீட்டு வாசலுக்கே வந்து எண்ணிக் கொடுப்பான், காகிதம் கேட்க மாட்டான், அவனும் தெரிந்த ஊர்க்காரனாகவே இருப்பான். ஆனால் அங்கே கொடுத்து இங்கே வராவிட்டால் எங்கும் புகார் கொடுக்க முடியாது. பிடிபட்டால் தொகையைப் போல மூன்று மடங்குவரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. உழைத்த பணம்தான் என்று நிரூபிக்கக் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

இப்போது இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று வந்திருக்கிறது. ரொக்கத்துக்குப் பதிலாக, முன்பின் தெரியாத யாருடைய கணக்கிலிருந்தோ உங்கள் வீட்டுக் கணக்குக்கு யு.பி.ஐ.யில் போடுகிறார்கள். அது எங்கோ வடக்கே ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்தால், அந்த மாநிலப் போலீஸ் சொன்னவுடன் வங்கி உங்கள் மனைவியின் கணக்கை முடக்கிவிடும். பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். 2023-இல் கேரளத்தில் பலருடைய கணக்குகள் இப்படி முடங்கி, விஷயம் உயர் நீதிமன்றம்வரை போனது. முழுக் கணக்கையும் முடக்காமல், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த நிவாரணத்தைப் பெறவும் வக்கீல், வாய்தா என்று அலைய வேண்டும். உங்கள் பெயரில்லாத எந்தக் கணக்கிலிருந்தும் வீட்டுக்குப் பணம் வரக் கூடாது என்று உறுதியாக இருங்கள்.

ஆறாம் படி: விசாக் கடனை முதலில் அடையுங்கள்

பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் சட்டப்படி 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். நடப்பில் இதைப்போலப் பல மடங்கு கொடுத்துவிட்டு, அதற்காக வட்டிக்கு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அநியாய வட்டி வாங்கும் பிளேடு வட்டிக்காரர்களை ஒடுக்கக் கேரளப் போலீஸ் 2014-இல் 'ஆபரேஷன் குபேரா' நடத்தியது. ஆனாலும் அவசரத்துக்கு அந்த வாசலை மிதிப்பது நிற்கவில்லை. அப்படிக் கடன் இருந்தால், சேமிப்பு வாய்க்காலின் பணம் முழுவதும் முதல் வருஷம் அங்கேதான் போக வேண்டும். நகைக் கடன் குறைந்த வட்டிக்குக் கிடைத்தால், அதை வாங்கி இதை அடைப்பது லாபம்.

கொடுப்பதை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகவே கொடுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கடைசித் தவணை அன்று புரோநோட்டும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்குகளும் கையில் திரும்பி வந்த பிறகே பணம் போகட்டும். வாங்கப் போவது மனைவி என்றால் கூட ஒரு ஆளோடு போகட்டும்.

ஏழாம் படி: சேர்ந்த பணத்தை எங்கே வைப்பது

முதலில் ஆறு மாத வீட்டுச் செலவுக்குச் சமமான தொகை என்.ஆர்.இ. வைப்புநிதியில் இருக்கட்டும். அதற்குக் குறைந்த காலம் ஒரு வருஷம், அதற்கு முன் உடைத்தால் வட்டி கிடைக்காது. அதனால் ஒரே டெபாசிட்டாகப் போடாமல் நாலைந்தாகப் பிரித்துப் போடுங்கள்.

சீட்டு போடாமல் நம் ஊரில் இருக்க முடியாது. போடுவதானால் பதிவுபெற்றதாகப் பாருங்கள். மாநில அரசின் கே.எஸ்.எஃப்.இ. நிறுவனம் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்றே பிரவாசி சிட்டி என்ற சீட்டு நடத்துகிறது. தெருவில் நடக்கும் பதிவில்லாத குறிச் சீட்டில் பெரிய தொகையை வைக்காதீர்கள்.

அடுத்தது நிலம். தென்னந்தோப்பு வாங்க வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் தம் பேரில் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை. பரம்பரையாக வருவதை வைத்திருக்கலாம். வீட்டு மனையும் வீடும் வாங்கலாம். தோப்புதான் வேண்டும் என்றால், ஊரில் வசிக்கும் மனைவி பேரில் வாங்குவது பற்றி வக்கீலிடம் கேட்டு, பணம் வந்த வழிக்கான வங்கிச் சான்றுகளோடு செய்யுங்கள். அல்லது திரும்பி வந்து குடியேறிய பிறகு வாங்குங்கள்.

மனை வாங்கும்போது கேரளப் பக்கத்தில் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒவ்வொரு பஞ்சாயத்திலும் நெல்வயல்களின் 'டேட்டா பேங்க்' இருக்கிறது. வருஷக்கணக்கில் தரிசாகக் கிடந்து, மண் கொட்டி மேடாக்கிய இடம்கூட ஆவணத்தில் 'நிலம்', அதாவது நெல்வயல், என்றே இருக்கலாம். அதில் வீடு கட்ட அனுமதி எளிதில் கிடைக்காது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே டேட்டா பேங்க், வில்லங்கச் சான்று, கரம் (நிலவரி) கட்டிய ரசீது மூன்றையும் பாருங்கள். பொள்ளாச்சிப் பக்கம் நிலம் வாங்கி அனுபவப்பட்ட மாமாவோ சித்தப்பாவோ "எல்லாம் சரியாத்தான் இருக்கு கண்ணு" என்று சொன்னால், அது தமிழ்நாட்டு ஆவணங்களுக்கு மட்டுமே பொருந்தும் வார்த்தை.

எட்டாம் படி: பணம் வந்து சேராவிட்டால்

ரசீதில் உள்ள குறிப்பு எண்ணோடு முதலில் அனுப்பிய இடத்தில் கேளுங்கள், எந்த வங்கியில் நிற்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும். இங்கே நின்றிருந்தால் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து, பதிவு எண்ணை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஏமாற்றி எடுத்துவிட்டார்கள் என்றால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

ஒன்பதாம் படி: வாரியமும் திரும்பி வரும் காலமும்

கேரள முகவரிக்காரர்கள், வெளிநாட்டில் வாழும் கேரளத்தவருக்கான அரசு அமைப்பான நோர்க்காவின் பிரவாசி (வெளிநாடு வாழ்வோர்) அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர் கேரளப் பிரவாசி நல வாரியத்தில் சேரலாம். குறைந்தது ஐந்து வருஷம் சந்தா கட்டியிருந்தால் 60-க்குப் பிறகு பென்ஷன் உண்டு. எல்லைக்கு அந்தப்புறம் முகவரி உள்ளவர்கள் தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிய வேண்டும். ஒரே குடும்பத்தில் அண்ணன் வேலந்தாவளத்திலும் தம்பி பொள்ளாச்சியிலும் இருந்தால், இருவருக்கும் வாரியம் வேறு வேறு. பத்தாம் வகுப்புத் தேறாமல் குடியகல்வுச் சோதனை (இ.சி.ஆர்.) முத்திரையுள்ள பாஸ்போர்ட்டில் போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், விபத்து இறப்புக்கு 10 லட்சம். அந்தப் பாலிசி நகல் வீட்டில் இருக்க வேண்டும். பெட்டியோடு ரியாத் போய்விட்டால் தேவைப்படும் நாளில் வீட்டாருக்குப் பயன்படாது.

வேலையை முடித்து நிரந்தரமாக வந்துவிட்டால், என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டு நாணயமாகவே வைத்திருக்க விரும்பினால் ஆர்.எஃப்.சி. என்ற கணக்கு இருக்கிறது. குறைந்தது இரண்டு வருஷம் வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர் சொந்தத் தொழில் தொடங்க, நோர்க்கா வழியாக 30 லட்சம் ரூபாய்வரையிலான திட்டத்துக்கு வங்கிக் கடனும், முதலீட்டில் 15 சதவீதம், அதிகபட்சம் 3 லட்சம், மானியமும் கிடைக்கும். மாட்டுப் பண்ணையோ டாக்சியோ வைக்க நினைப்பவர் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் இருந்ததற்கான ஆதாரத்தைக் கேட்பார்கள், அதற்குப் பழைய பாஸ்போர்ட்டில் அடித்த விசாவும் முத்திரைகளும் வேண்டும். புதுப் பாஸ்போர்ட் வந்ததும் பழையதைப் பரணில் போட்டுவிடாமல், கணக்குப் புத்தகங்களோடு ஒரே கவரில் வையுங்கள்.